உடுத்திய புடவைக்கு ஒரு விலை

நேயர்களுக்கு வணக்கம்.

"பழைய பட்டுப் புடவை, சரிகைப் புடவை இருந்தா எடுத்துட்டு வாங்கம்மா" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போகிறவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் புடவையை முழுதாக விரித்துப் பார்க்க மாட்டார். கரையில் ஓர் இழையை நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் விலை பேசுவார், இல்லையென்றால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டு இழையின் மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அவருக்கு வேண்டியது அந்த வெள்ளி. புடவையை எரித்துத்தான் அதை எடுப்பார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் திருவரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி, மகளோடு பெங்களூர் போய்விடுவதாக முடிவு செய்தார். பீரோவில் முப்பது புடவைகள் இருந்தன. அவற்றை அந்தச் சரிகைக்காரரிடம் போடப்போகிறேன் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு மாதம் கொடுங்கள் மாமி, நான் போனில் படம் போட்டு விற்றுப் பார்க்கிறேன்" என்று வாங்கி வந்தேன். இருபத்திரண்டு புடவைகள் விற்றன. அதற்கு ஒரு மாதம் இல்லை, ஏழு மாதம் பிடித்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்தது இப்படித்தான்.

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் உடுத்திய துணியை விற்கலாமா என்று பலர், அதிலும் வீட்டில் இருக்கும் பெண்கள், என்னிடம் கேட்கிறார்கள். விற்கலாம். ஆனால் புதுத்துணி வியாபாரத்தின் கணக்கு இதற்குப் பொருந்தாது, அதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். புதுப் புடவைக்கு ஒரு படம் எடுத்தால் அதே படத்தைக் காட்டி நூறு புடவை விற்கலாம். பழைய புடவை ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை படம் எடுத்து, அளந்து, குறை பார்த்து, எழுதி, இருபது பேருக்குப் பதில் சொல்லி விற்றால் அதோடு அந்த வேலை முடிந்துபோகும். அடுத்த புடவைக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஐந்நூறு ரூபாய் சுங்கடிக்கும் ஆறாயிரம் ரூபாய் காஞ்சிபுரத்துக்கும் எனக்கு ஆகிற நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டு மணி நேரம். இந்தத் தொழிலில் உண்மையான முதலீடு உங்கள் நேரம். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஆரம்பித்த என் தோழிகள் இரண்டு பேர் ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்று சொல்கிறேன்.

பாதிக்கு மேல் சோதிப்பதில் போய்விடும். பட்டுப் புடவை வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கோடு போட்டாற்போல் கிழியும். அதனால் புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொரு மடிப்பாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மடிப்பு ஓரத்தைக் கட்டைவிரலால் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் கால் பக்கம். ஃபால்ஸ் தைத்திருந்தால் அதற்கு உள்ளே அழுக்கும், சில சமயம் ஊக்கு குத்திய துருவும் இருக்கும். இடுப்பில் செருகும் பகுதியில் வியர்வைக் கறை, முந்தியில் எண்ணெய், தோள் பக்கம் ஊக்கு கிழித்த ஓட்டை. அந்துருண்டை போட்டு வைத்த புடவை என்றால் சரிகை கறுத்திருக்கும், வாசனையும் போகாது. நிழலில் காற்றாட மூன்று நாள் போட்டாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வாசனையைப் படத்தில் காட்ட முடியாது, அதனால் எழுதிவிடுகிறேன்.

பட்டா, கலப்பா என்பது அடுத்த கேள்வி. ஓரத்தில் இருந்து இரண்டு இழை உருவி எரித்துப் பார்ப்பது பழைய முறை. பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். ஆனால் ஊடை, அதாவது குறுக்கு இழை, மட்டும் பட்டாகவும் பாவு, அதாவது நெடுக்கு இழை, வேறாகவும் இருக்கலாம், இரண்டிலும் இழை எடுக்க வேண்டும். புதுப் புடவையில் அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் அட்டை தொங்கும். முப்பது வருடப் புடவைக்கு எந்த அட்டையும் இருக்காது. "அசல் காஞ்சிபுரமா?" என்று கேட்டால், "கொடுத்தவர்கள் காஞ்சிபுரத்தில் வாங்கியதாகச் சொல்கிறார்கள், பட்டு என்று நான் சோதித்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காஞ்சிபுரப் பட்டுக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது. அந்தப் பெயரை ஊகத்தில் ஒட்டுவது நெய்தவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் செய்கிற தவறு.

நிறம் இன்னொரு பெரிய தலைவலி. நம் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்வது சகஜம். மயில் கழுத்து என்று சொல்கிறோமே, அதில் ஒரு பக்கம் நின்றால் நீலம், நகர்ந்தால் பச்சை. போன் கேமரா ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா கட்டியதால் எம்.எஸ். நீலம் என்று பெயர் வாங்கிய நிறம் என் போனில் ஒரு நாள் கருநீலமாகவும் மறுநாள் கத்திரிப்பூவாகவும் விழுந்தது. இப்போது காலை ஒன்பது மணிக்கு, மொட்டைமாடி நிழலில், ட்யூப் லைட் இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத்தான் எடுக்கிறேன். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் புடவை நிறமும் ஓரளவு சரியாக இருக்கும். கூடவே புடவையை அசைத்து ஒரு சின்ன வீடியோ. நிறத்தை அழகாக்கும் வசதி எதையும் தொடுவதில்லை.

குறைகளைத் தனியாகப் படம் எடுத்து முதல் படத்துக்கு அடுத்ததாகவே போடுகிறேன். ஆரம்பத்தில் கடைசியில் போட்டேன். பாதிப் பேர் கடைசி வரை பார்ப்பதில்லை, புடவை போய்ச் சேர்ந்த பிறகு சண்டை வந்தது. குறையை முன்னால் வைத்ததும் விசாரிப்பவர்கள் குறைந்தார்கள், திருப்பி அனுப்புகிறவர்கள் கிட்டத்தட்ட இல்லாமல் போனார்கள். ஒரு ரூபாய் அளவு கறை என்றால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தே படம் எடுங்கள். நீளத்தையும் டேப் பிடித்து அளங்கள். ரவிக்கைத் துண்டு வெட்டப்பட்டதா இல்லையா என்பதில்தான் அதிகக் குழப்பம் வரும்.

இனி, எந்தச் சந்தைப் பாடமும் சொல்லித்தராத ஒரு கேள்வி. "இது யாருடைய புடவை?"

நம் ஊரில் ஒருவர் உடுத்தியதை இன்னொருவர் உடுத்துவதில் பழக்கமும் உண்டு, தயக்கமும் உண்டு. அக்கா பாவாடை தங்கைக்கு வரும், அம்மா புடவையை மகள் கட்டுவாள். அதெல்லாம் வீட்டுக்குள். முகம் தெரியாதவர் உடுத்தியது என்றதும் மனசு நிற்கிறது. "இறந்தவங்க புடவை இல்லையே?" என்று கேட்பவர்கள் நிறைய. என்னிடம் வருகிற நல்ல புடவைகளில் பல அம்மா போன பிறகு பிள்ளைகள் கொடுப்பவைதான். முதலில் கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன். ஒரு தடவை வாங்கி ஒரு மாதம் கழித்து ஒரு பெண்ணுக்கு வேறு வழியில் தெரிந்துபோய், போனில் அழுதுவிட்டார். அவர் வீட்டில் கர்ப்பிணி மருமகள் அதைக் கட்டியிருந்தாராம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், புடவையையும் வாங்கிக்கொண்டேன். இறந்தவர் புடவை ஆகாது என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, ஆனால் அவருடைய அச்சத்துக்கு நான் காரணமாக இருந்தது இன்றுவரை உறுத்துகிறது. அன்றிலிருந்து யாரும் கேட்காமலே எழுதிவிடுகிறேன். விற்க நாளாகிறது. பரவாயில்லை. கூறைப் புடவையை மட்டும் நான் வாங்குவதே இல்லை. கொடுக்க வந்தவர்களையும் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன்.

பணம் வாங்குவதில் கவனம் வேண்டும். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். "க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க யுபிஐ ரகசிய எண் எப்போதும் தேவையில்லை, அனுப்பத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

கட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு புடவை ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் முடிந்து, செவ்வாய்க்கிழமை "நிறம் பிடிக்கவில்லை" என்று சந்தன வாசனையோடு என்னிடம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு முந்தியின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டையை நூலால் தைத்து அனுப்புகிறேன். அட்டை இருந்தால் திருப்பலாம், வெட்டியிருந்தால் முடியாது. பார்சல் பிரிப்பதை வீடியோ எடுக்கவும் சொல்கிறேன். பார்சலைப் பெட்டியில் கட்டாதீர்கள். பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000-ஆல் வகுத்து வருவதையும் கிலோ எடையாகக் கணக்கிட்டு, அசல் எடையைவிட அது அதிகமானால் அதற்குத்தான் காசு வாங்குவார்கள். புடவை முக்கால் கிலோ இருக்க, பெட்டிக்கு இரண்டு கிலோ காசு கொடுத்திருக்கிறேன். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, மேலே தண்ணீர் புகாத உறை போட்டுத் தட்டையாக அனுப்பினால் போதும்.

ஒரு பார்சல் வழியில் தொலைந்தே போனது. கூரியர் நிறுவனம் கொடுத்த இழப்பீடு புடவை விலையில் கால்வாசி. மீதியை நான் போட்டு, புடவை கொடுத்த அம்மாவிடம் முழுப் பணமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை எண்ணிப் பார்க்கவில்லை. "யாராவது கட்டிக்கிட்டா சரி" என்றார். மூவாயிரத்துக்கு மேல் எதுவாக இருந்தாலும் இப்போது காப்பீடு செய்துதான் அனுப்புகிறேன்.

வரியைப் பற்றி இரண்டு வார்த்தை. சொந்தப் புடவைகளை எப்போதாவது விற்பது வியாபாரம் ஆகாது. தொழிலாகச் செய்தால் தமிழ்நாட்டில் பொருள் விற்பனைக்கு ஆண்டு வரவு 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. அதைத் தெரியாமல்தான் பலர் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பதிவு செய்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பழைய பொருளுக்கு வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் மட்டும் வரி கட்டலாம், ஜிஎஸ்டி விதி 32-இல் அதற்கு இடம் இருக்கிறது. நல்ல ஆடிட்டர் ஒருவரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஆடியில் கடைகளின் தள்ளுபடியோடு நாம் போட்டி போட முடியாது. அந்த மாதம் நான் புடவைகளைக் காற்றாடப் போட்டு மடிப்பு மாற்றும் வேலையை வைத்துக்கொள்கிறேன். ஆவணி முகூர்த்தங்கள் வந்ததும் விசாரணை தானாக வரும்.

இப்போது என் அலமாரியில் ஓர் ஒன்பது கஜம் இருக்கிறது. அரக்கு உடல், பச்சைக் கரை, நாற்பது வருடப் பட்டு, ஓர் இழை போகவில்லை. எட்டு மாதமாக விற்கவில்லை. ஒன்பது கஜம் கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மூன்று பேர், ஆறு கஜமாக வெட்டிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம், மீதியில் ரவிக்கை தைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கொடுத்த பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. அவரைக் கேட்காமல் கத்திரி வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பேரன் வீட்டுக்குப் போனவர் வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறார். வெட்டலாம் என்றால் வெட்டிக் கொடுப்பேன். வேண்டாம் என்றால் மறுபடி நிழலில் விரித்து, மடிப்பை மாற்றி, உள்ளே வைக்க வேண்டியதுதான்.

வணக்கம்.