கூண்டு காலியா இருந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? வண்டலூர் லேட்டஸ்ட்!

வணக்கம் மக்களே. தலைப்பைப் பாத்துட்டுப் பதறி அடிச்சு வந்தவங்க முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. நான் துக்கம் விசாரிக்க வரல. சண்டை போட வந்திருக்கேன்.

போன வண்டலூர் உயிரியல் பூங்கா வீடியோல மிருகத்தை வச்சிருக்கிற ஒரு அடைப்பு காலியா இருந்ததைக் காட்டினேன்ல? அதான், ஓரமா சிமெண்ட் மூட்டை அடுக்கி வச்சிருந்தாங்களே, மண்வெட்டி கூட சாஞ்சு கிடந்துச்சு. அந்த ஒரு பத்து செகண்டை மட்டும் வெட்டி எடுத்து, பின்னாடி ஒரு ஒப்பாரி மியூசிக்கைப் போட்டு, "வண்டலூரில் மர்மம், மறைக்கப்படும் மரணம்"னு ஒருத்தர் ஷார்ட்ஸ் போட்டிருக்காரு. யாரு என்னன்னு சொல்ல மாட்டேன், அவருக்கு நான் எதுக்கு ஓசில விளம்பரம் பண்ணணும்? ஆனா அதுல என் குரலே வருது! நான் "இங்க பாருங்க, ஆள் இல்ல"ன்னு சொல்றேன், அதோட கட் பண்ணிட்டாரு. அடுத்த வார்த்தை "வேலை நடக்குது". அதைக் காணோம்.

அதைப் பாத்துட்டு நம்ம சேனல்லயே வந்து "சொல்லுங்க, எது இறந்துச்சு"ன்னு கேக்குறீங்க. நம்ம பழைய ஆளுங்களே கேக்குறீங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

சரி, ஒரு அடைப்பு ஏன் காலியா இருக்கும்? ஒண்ணு, மராமத்து. ரெண்டாவது, வெயில். ஏப்ரல் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய் நின்னுக்கிட்டு "கரடி எங்க"ன்னு கேட்டா, கரடி என்ன முட்டாளா? நம்மள மாதிரி சட்டை நனைஞ்சுக்கிட்டு நிக்குமா? புதருக்குப் பின்னாடி நிழல்ல படுத்திருக்கும். மூணாவது, குட்டி போடப் போற தாயைப் பின்னாடி இருக்கிற ராத்திரி அறையிலயே வச்சிருப்பாங்க, கூட்டம் கத்துற சத்தத்துல அது கலவரம் ஆகக் கூடாதுன்னு. அப்பறம் வயசானது, காயம் பட்டது, ஜோடி சேத்துப் பாக்குறதுக்காகத் தனியா வச்சது. இதெல்லாம் இல்லன்னா, வேற ஊருக்குப் போயிருக்கும். வேற ஊர்லேர்ந்து ஒண்ணு வந்திருந்தாலும் உடனே உங்க கண்ணுல காட்ட மாட்டாங்க. ஒரு மாசம் போல தனியா வச்சு, நோய் நொடி இல்லன்னு பாத்துட்டுத்தான் வெளிய விடுவாங்க. அதனால லாரில புது ஆள் வந்து இறங்கினதா நியூஸ் வந்த அன்னிக்கே கேமராவைத் தூக்கிட்டு ஓடாதீங்க.

2025 அக்டோபர்ல என்ன கூத்து நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? ஷேரியார்! பெங்களூரு பக்கத்துல இருக்கிற பன்னேருகட்டா பூங்காவிலேர்ந்து வந்த ஆண் சிங்கம். சஃபாரிக்குள்ள விட்டாங்க. சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துக்குத் தன் அறைக்கு வரணும், வரல. அவ்வளவுதான் விஷயம். ஆனா அன்னிக்கு ராத்திரி "சிங்கம் தப்பி ஓட்டம்"னு ஆரம்பிச்சிட்டாங்க. எங்க பெரியம்மா பக்கத்துல ஊரப்பாக்கத்துலதான் இருக்காங்க, மாடில காயப்போட்ட துணியை எடுக்கவே போகலையாம். தெர்மல் கேமரா வச்ச டிரோன் எல்லாம் விட்டுத் தேடினாங்க. அய்யா ஒரு ரெண்டு நாள் உள்ளேயே புதர்ல இருந்துட்டு, தானே திரும்பி வந்தாரு. புது எடம், புது வாசனை, மிரண்டுருப்பான். சிங்கம் ரெண்டு நாள் சாப்பிடாம இருக்கிறது பெரிய சங்கதியே இல்ல. அப்போ ஓட்டம்னு கத்தினவங்க யாராவது "வந்துட்டான்"னு அதே சத்தத்துல போட்டாங்களா? போடல. வியூஸ் வராதுல்ல.

நிஜமாவே சிங்கம் செத்துப்போச்சுன்னா அது ஊருக்கே தெரியும். 2021 ஜூன் ஞாபகம் இருக்கா? கொரோனா. நீலா, ஒன்பது வயசு, ஜூன் 3. அப்பறம் பத்மநாதன், பன்னெண்டு வயசு, ஜூன் 16. பேரு, வயசு, தேதி எல்லாம் வெளிய வந்துச்சு, மாதிரியை போபால் லேபுக்கு அனுப்பி டெல்டா வகைன்னு கண்டுபிடிச்சதும் வெளிய வந்துச்சு. நான் மறைக்கவே மாட்டாங்கன்னு அடிச்சுப் பேசல. ஆனா சிங்கம், புலி மாதிரி பெரிய தலைங்க விஷயம் மறைஞ்சு நிக்காது. எனக்குக் கவலை சின்ன தலைங்களைப் பத்திதான். முள்ளம்பன்றி, புனுகுப்பூனை, நரி. அதுங்க வந்தாலும் நியூஸ் இல்ல, போனாலும் நியூஸ் இல்ல.

அதுக்குத்தான் பட்டியல் பாக்கணும்னு தலையால அடிச்சுக்கிறேன். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம்னு டெல்லில இருக்கு, 1992ல ஆரம்பிச்சது. இந்தியாவுல அங்கீகாரம் வாங்கின ஒவ்வொரு பூங்காவும் அவங்களுக்கு வருஷக் கணக்கு கொடுத்தாகணும். ஏப்ரல் 1ஆம் தேதி கையில எத்தனை, அந்த வருஷம் எத்தனை பொறந்துச்சு, எத்தனை வெளியிலேர்ந்து வந்துச்சு, எத்தனை வெளிய போச்சு, எத்தனை செத்துச்சு, மார்ச் 31ல எத்தனை பாக்கி. மளிகைக் கடை ஸ்டாக் நோட்டு மாதிரியேதான். ஒவ்வொண்ணுலயும் ஆண், பெண், தெரியாதுன்னு மூணு கட்டம். அந்த "தெரியாது" கட்டம்தான் எனக்கு உயிர். ஏன்னா புதுக் குட்டிங்க, கூட்டமா இருக்கிற மான், பறவை எல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

இந்தத் தடவை அதை பிரிண்ட் எடுக்கலாம்னு போனேன். ஃபோன்ல பாத்தா ஒரு வரிசையைப் பெரிசாக்கினா அடுத்த கட்டம் ஓடிப்போயிடுது. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை. கருப்பு வெள்ளை ஒரு பக்கம் அஞ்சு ரூபாயாம். சரிங்க, போடுங்கன்னேன். போட்டுட்டு எல்லாத்துக்கும் பக்கத்துக்குப் பத்து ரூபான்னு கணக்கு போடுறாரு. ஏண்ணே? "தலைப்பு வரிசை பச்சை கலர்ல வந்துருக்கு பாருங்க, அது கலர் பிரிண்ட்." ஒரு பட்டை! சுண்டு விரல் அகலத்துக்கு ஒரு பச்சைப் பட்டை! நான் கேட்டது கருப்பு வெள்ளை. அவரு மெஷினை மாத்தாம அமுக்கிட்டாரு. "கலர் மை செலவாயிடுச்சே தம்பி"ங்கிறாரு. ரெண்டாவது பக்கத்துலேர்ந்து பட்டையே இல்லண்ணே, பாருங்கன்னு ஒவ்வொரு தாளா எடுத்து டேபிள் மேல பரப்பினேன். பின்னாடி ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பாட்டி "என்னப்பா, நெலப் பத்திரமா?"ன்னு கேக்குறாங்க. இல்ல பாட்டி, குரங்குக் கணக்குன்னேன். அவங்க அப்படியே ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டாங்க. கடைசில முதல் பக்கம் பத்து, மத்ததெல்லாம் அஞ்சுன்னு முடிவாச்சு. ஜெயிச்சிட்டேன். இதோ, கேமரால காட்டுறேன், பாருங்க, இந்தப் பச்சைக்குத்தான் இவ்வளவு பஞ்சாயத்து.

இதுல இருக்கிற நம்பரை நான் வாசிக்க மாட்டேன். ஏன்னா இது போன மார்ச் நிலவரம், அதுக்குள்ள எத்தனையோ மாறியிருக்கும். நீங்க அதை அப்படியே கமெண்ட்ல போட்டு "நேத்து வீடியோல சொன்னாங்க"ன்னு சண்டை போடுவீங்க, எனக்குத் தெரியும் உங்களை. ரெண்டு மூணு வருஷத் தாளைப் பக்கத்துல பக்கத்துல வச்சு நீங்களே பாருங்க. அப்பதான் எது பெருகுது, எது ஒத்தையா நிக்குதுன்னு புரியும். ஆண் ஒண்ணு, பெண் சுழின்னு ஒரு இனம் ரெண்டு வருஷம் தொடர்ந்து இருந்துச்சுன்னா அதுக்கு ஜோடி தேடிட்டிருக்காங்க, இல்லன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம்.

ஜோடி தேடுறதுன்னா, கடைக்குப் போய் வாங்குற மாதிரி இல்ல. எந்த ஊருக்கு எதைக் கொடுத்து எதை வாங்கறதுன்னாலும் டெல்லி ஆணையத்தோட ஒப்புதல் வேணும். பெரும்பாலும் பண்டமாத்துதான். எங்ககிட்ட இது கூடுதலா இருக்கு, உங்ககிட்ட அது இருக்குன்னு. இங்கதான் நம்ம வெள்ளைப்புலி வராரு.

ஆமா, ஆரம்பிச்சிட்டேன். திட்டுங்க. எனக்கு வெள்ளைப்புலி பிடிக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அந்தப் புலி மேல எனக்குக் கோவம் இல்ல, அது பாவம். 1951ல ரேவா காட்டுல பிடிச்ச மோகன்ங்கிற ஒரே ஒரு குட்டி. அதை வளத்து, அது பெத்த பொண்ணோடயே சேத்து வச்சுத்தான் வெள்ளைக் குட்டி எடுத்தாங்க. இன்னிக்குக் கூண்டுல இருக்கிற வெள்ளைப்புலிங்கள்ல பெரும்பாலானதோட பூர்வீகத்தைத் தோண்டினா அவன்கிட்டதான் போய் நிக்கும். சொந்தத்துக்குள்ளயே சொந்தம், அதான் மாறுகண் எல்லாம் வருது. இது தனி இனமும் கிடையாது, அதே வங்கப்புலிதான், நிறம் வேற. காட்டுல கொண்டு போய் விடப்போறதும் இல்ல. ஆனா அகழிக்கு முன்னாடி கூட்டத்தைப் பாக்கணும் நீங்க! அதனால என் கட்சி என்னன்னா, பண்டமாத்துக்கு வெள்ளைப்புலிதான் நல்ல காசு. ஒண்ணைக் கொடுத்துட்டு நாலு ஓநாய் வாங்கினா அன்னிக்கு எனக்கு தீபாவளி.

ஆங், மறந்தே போனேன். டிக்கெட் கேட்டிருந்தீங்க. பெரியவங்களுக்கு 115 ரூபாயா இருந்தது 2023ல 200 ஆச்சு. சஃபாரி 50லேர்ந்து 150, பேட்டரி வண்டி 100லேர்ந்து 150. அதுக்கப்பறம் மாறியிருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துக்குங்க. பேட்டரி வண்டி வேணுமா வேணாமான்னா, வயசானவங்க கூட இருந்தா கண்டிப்பா வேணும், 602 ஹெக்டேர், விளையாட்டு இல்ல. ஆனா விலங்கு பாக்கணும்னா நடங்க. வண்டில போனா கரடி தெரிஞ்ச செகண்ட்ல "அதோ கரடி"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள காண்டாமிருகம் வந்துடும். எங்க தாத்தாவுக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. மூர் மார்க்கெட் பக்கத்துல இருந்த பழைய மிருகக்காட்சி சாலையை, அவங்க பாஷைல "உயிர்க் காலேஜை", ஒரு மணி நேரத்துல சுத்தி முடிச்சிட்டு வெளிய வந்து பட்டாணி சுண்டல் வாங்குவாராம். 1985ல இங்க மாத்தினதுலேர்ந்து "அது காடு, பூங்கா இல்ல"ன்னு வரவே மாட்டேன்னுட்டாரு.

இப்போ, நான் ஏன் இன்னிக்கு இவ்வளவு சந்தோஷமா இருக்கேன்னு சொல்றேன். மேல சண்டை போட்டதெல்லாம் முன்னுரை.

நீலகிரி கருமந்தி. ஒரு குரங்கு இனம். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாது. ஒரு காலத்துல லேகியம் பண்றேன், மருந்து பண்றேன்னு இதைச் சுட்டுத் தள்ளினாங்க. அந்த அடைப்பு முன்னாடி நான் நின்னுட்டிருக்கேன். உடம்பெல்லாம் கருப்பு, தலை மட்டும் வெல்லப்பாகு நிறம், அழகா உக்காந்து இலை உருவிட்டிருந்தா ஒருத்தி. வயித்துப் பக்கம் ஏதோ செம்பட்டையா தெரியுது. முதல்ல காஞ்ச இலைன்னுதான் நெனச்சேன். அப்பறம் அந்தச் செம்பட்டைக்கு ஒரு கை முளைச்சுது! சின்னதா ரோஸ் கலர் விரலு, அம்மா முடியை இறுக்கிப் பிடிச்சிருக்கு.

குட்டி மக்களே! இந்த இனத்துல குட்டி செம்பட்டையாத்தான் பொறக்கும், சில மாசத்துல கருப்பாயிடும். அதனால இது ரொம்பப் புதுசு. அந்த நேரத்துல இன்னொரு பெண் குரங்கு நைசா பக்கத்துல வந்து உக்காருது. பேன் பாக்குற மாதிரி பாசாங்கு. அப்படியே கையை உள்ள விட்டு குட்டியை இழுத்துத் தன் மடில வச்சுக்கிச்சு. அம்மாக்காரி திரும்பிக்கூடப் பாக்கல, "அப்பாடா, கொஞ்ச நேரம் வச்சிரு"ங்கிற மாதிரி ரெண்டு கையாலயும் இலை திங்க ஆரம்பிச்சிட்டா. குட்டி கீச்சுன்னு ஒரு சத்தம். உடனே அம்மா இலையைப் போட்டுட்டுப் பறிச்சு வாங்கிக்கிச்சு. இதுங்க கூட்டத்துல சித்தி, பெரியம்மா எல்லாம் குட்டி தூக்குறது சகஜம்னு படிச்சிருக்கேன், கண்ணால இவ்வளவு கிட்டத்துல பாத்ததில்ல.

கிளிப் ஆடுது, மன்னிச்சிடுங்க, ஆடுனது ஃபோன் இல்ல, நான். பக்கத்துல ஒருத்தர் பையனைத் தோள்ல வச்சிக்கிட்டு வந்தாரு. நான் "சார், குட்டி சார், அந்தா"ன்னு காட்டுறேன். அவரு ஒரு பார்வை பாத்துட்டு "குரங்குதானே, வாடா வெள்ளைப்புலி பாக்கலாம்"னு போயிட்டாரு. பையன் மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே போனான். தம்பி, நீ நம்ம கட்சி.

இந்தக் குட்டி அடுத்த வருஷத் தாள்ல "தெரியாது" கட்டத்துல ஒரு ஒண்ணா வந்து உக்காரும் பாருங்க. நான் மார்க்கரோட காத்திருக்கேன். கலர் பிரிண்டே எடுக்கிறேன், பத்து ரூபா கொடுத்தே எடுக்கிறேன்.

அடுத்த வீடியோ கிண்டி சிறுவர் பூங்கா. 2024ல புதுப்பிச்சுத் திறந்ததுலேர்ந்து அங்க பறவை அடைப்பு எப்படி இருக்குன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. ஆங், இன்னொண்ணு, வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. கிளாம்பாக்கத்துல இறங்கி அங்கேர்ந்து ஆட்டோ பிடிச்சு கேட் வரைக்கும் போயிட்டு எனக்கு மெசேஜ் போடாதீங்க. வரேன்.