கழுத்தைத் தேடித் தேடிப் பார்த்த கொரியா

வணக்கம் மக்களே. தென் கொரியாவின் தேஜோன் நகரத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் ஒரு இரைச்சல் கேட்கும், கீழ்க் கடையின் எக்ஸாஸ்ட் ஃபேன்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கையில் இருப்பது ஆபீஸில் கொடுத்த மெடிக்கல் செக்கப் படிவம். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் கம்பெனி செலவு. கடைசிப் பக்கத்தில் மட்டும் கூடுதல் சோதனைகள் என்று ஒரு பட்டியல். வேண்டியதற்கு டிக் போட்டுக் காசு கட்டிக்கொள்ளலாம். அதில் ஒரு வரி, 'கப்சாங்சொன் சோஉம்பா'. கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியை ஸ்கேன் செய்து பார்க்கும் அல்ட்ராசவுண்ட். இன்றைய வீடியோ இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

1999-இல் கொரிய அரசு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. இரைப்பை, மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று அதில் சில உண்டு. தைராய்டு கிடையாது. ஆனால் வந்தவர்களிடம், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கழுத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே" என்ற கதையாக, 30 முதல் 50 டாலருக்கு ஆஸ்பத்திரிகள் இந்த ஸ்கேனையும் சேர்த்து விற்றன. வலி இல்லை, ஊசி இல்லை. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

2011-இல் கணக்குப் பார்த்தால், தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல். அதே நோயால் இறந்தவர்கள்? வருடத்துக்கு 300, 400 பேர். அந்த எண்ணிக்கை முன்பு எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். நிஜமாகவே ஒரு நோய் 15 மடங்கு பரவியிருந்தால் சாவும் கூடியிருக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்ததால் உயிர்கள் தப்பின என்றால் சாவு குறைந்திருக்க வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. வேறு காரணத்தால் இறந்தவர்களின் தைராய்டை நுணுக்கமாக வெட்டிப் பார்த்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன தெரியுமா? சில ஆய்வுகளில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அதில் பொடிப் பொடியாய் பாப்பிலரி என்ற வகைப் புற்று இருந்திருக்கிறது. பெரும்பாலும் அது பாட்டுக்கு இருக்கும், ஒன்றும் செய்யாது. ஸ்கேன் மெஷின் தேடிப் பிடித்தது பெரும்பாலும் அதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த நோய் வந்து ஐந்து வருடம் பிழைத்திருப்போரின் விகிதம் கொரியப் பதிவேட்டில் 100 சதவீதத்தையே தாண்டியது. மற்ற ஜனங்களோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு அது. நோய் இல்லாதவனைவிட நோயாளி நன்றாக இருக்கிறான் என்றாகிவிட்டது! "பாருங்கள் எங்கள் சிகிச்சையை" என்று மார்தட்டவும் இதே எண்ணைக் காட்டலாம். ஆபத்தே இல்லாத கட்டிகளைக் கணக்கில் கொட்டினால் சதவீதம் தானாக ஏறும்.

சரி, கண்டுபிடித்தால் என்ன நஷ்டம்? கண்டுபிடித்ததோடு யாரும் விடவில்லையே. ஏறக்குறைய எல்லோருக்கும் ஆபரேஷன். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முழு தைராய்டையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தால் ஆயுள் முழுக்க மாத்திரை. ஆபரேஷன் செய்துகொண்ட 15,000 பேருக்கு மேல் இன்சூரன்ஸ் பதிவுகளைப் பார்த்ததில், 11 சதவீதம் பேருக்குப் பக்கத்திலுள்ள, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாராதைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை. 2 சதவீதம் பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது.

பாராதைராய்டு போனால் எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டியது கீழே கிம்பாப் கடை வைத்திருக்கும் இமோதான். இமோ என்றால் சின்னம்மா, கடைக்கார அம்மாவையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். காலர் கொஞ்சம் விலகினால் கழுத்தில் வெளுத்த கோடு ஒன்று தெரியும். ஒரு நாள் கிம்பாப் சுருட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தி விரல்களை உதறினார். காலையில் கால்சியம் மாத்திரை போட மறந்துவிட்டாராம், விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி. "சாக்கான் ஆம் என்றுதான் டாக்டர் சொன்னார்" என்றார். அதாவது 'நல்ல புற்றுநோய்', இங்கே அதற்கு அப்படி ஒரு செல்லப் பெயர். "நல்லதென்றால் ஏன் எடுக்கணும்னு அப்போ கேட்கத் தோணலை."

ஆபரேஷன் விவரமெல்லாம் இப்படி வெளியே வந்ததற்குக் காரணம், கொரியாவில் கிட்டத்தட்ட மொத்த ஜனத்துக்கும் ஒரே அரசு இன்சூரன்ஸ். யார் எங்கே போய் ஆபரேஷன் செய்துகொண்டாலும் பில் ஒரே இடத்துக்கு வரும். இது போக, எந்தப் பகுதியில் ஸ்கேன் அதிகமோ அந்தப் பகுதியில் தைராய்டு புற்றுநோயும் அதிகம் என்றும் தெரிந்தது. கொரியா பல்கலைக்கழகத்தின் அன் ஹ்யோங் சிக்கும் அமெரிக்காவின் கில்பர்ட் வெல்ச்சும் மற்றொருவரும் சேர்ந்து 2014 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதியது இதைத்தான். அதற்கு முன்பே, அதே வருடம் மார்ச்சில், டாக்டர்கள் சிலர் சேர்ந்து "இந்த ஸ்கேனை நிறுத்துங்கள்" என்று பகிரங்கமாகவே சொல்லிவிட்டார்கள். சக டாக்டர்களின் பிழைப்பில் கைவைக்கிற பேச்சு, தைரியம் வேண்டும். டிவி, பேப்பர் எல்லாம் அதுவே பேச்சு. ஒரே வருடத்தில் ஆபரேஷன்கள் 35 சதவீதம் குறைந்தன. எந்த மருந்தும் கண்டுபிடிக்காமல் ஒரு 'கொள்ளைநோய்' அடங்கியது!

இப்போது சின்னக் கட்டி என்றால் உடனே கத்தி வைக்காமல், ஸ்கேன் எடுத்து எடுத்துக் கண்காணிக்கும் வழியும் இருக்கிறது. ஜப்பானில் கோபே நகரின் குமா ஆஸ்பத்திரி 1993-லேயே அதைத் தொடங்கிவிட்டது. கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும் இன்னும் சிலவும் சேர்ந்து 2016-இலிருந்து அப்படி நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து வருகின்றன.

கமெண்டில் யாராவது திட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறது, குரல் கம்முகிறது, விழுங்கக் கஷ்டம் என்றால் கண்டிப்பாக டாக்டரிடம் போங்கள். அது வேறு கதை. நான் பேசியது ஒரு தொந்தரவும் இல்லாதவர் போய்ப் படுத்துக் கழுத்தை நீட்டுவதைப் பற்றி.

படிவத்தை நாளைக்கு ஹெச்ஆரில் கொடுக்க வேண்டும். இதோ, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். எண்டோஸ்கோபிக்கு மட்டும் டிக். அதற்கு முந்தின ராத்திரி பட்டினி கிடக்கணுமாம், அதுதான் இப்போதைக்கு என் கவலை. வரட்டுமா?