மழையை அளக்கும் பள்ளிக்கூடம்

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நடந்த குழந்தைகள் தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அம்மா அவர்களே, காலையில் வேறொரு பள்ளி விழாவை முடித்துவிட்டு, இந்தச் சேற்றுப் பாதையில் இரு சக்கர வாகனத்தில் வந்து சேர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, இந்தப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வந்தே தீர வேண்டும் என்று நின்று சாதித்த முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியைகளே, வணக்கம். சத்துணவு அமைப்பாளர் அம்மாவும், காலை உணவு சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுச் சகோதரிகளும் பின்னால் நிற்கிறார்கள். அவர்களுக்கு யாராவது நாற்காலி போடுங்கள். விடியற்காலையில் அடுப்பு மூட்டியவர்கள் நின்றுகொண்டிருக்க, நான் பேசுவது முறையல்ல. சரி, போட்டாயிற்று, நன்றி. மைக்செட், பந்தல், ஆரஞ்சு மிட்டாய் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்ற முன்னாள் மாணவர் சங்கத் தம்பிகளுக்கும், முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் என் பேரப்பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவத்தில் ஒரு தொடக்கப் பள்ளி எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகளைச் சொல்ல நினைத்து வந்தேன். ஒன்று சாப்பாடு, இரண்டு வாசிப்பு, மூன்று மழை.

எங்கள் அம்மா அடிக்கடி சொன்ன பழமொழி ஒன்று உண்டு. "மழை முகம் காணாத பயிரும், தாய் முகம் காணாத பிள்ளையும்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். மிச்சத்தை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்த டெல்டாவில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் சாப்பாடு. 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. திருக்குவளை நமக்குப் பக்கத்து ஊர். இந்த வரலாறு மேடையில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். நான் கவனித்தது வேறு. முன்பெல்லாம் ஒன்பது மணி மணியடிக்கும்போதுதான் பிள்ளைகள் ஓடி வருவார்கள். இப்போது எட்டேகாலுக்கே உப்புமாவுக்கும் கிச்சடிக்கும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டரை மணிக்குப் பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த எட்டரை மணியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவேன்.

வாசிப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பிரித்துப் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கூட்டிப்போகிறார்கள். அதில் இந்தப் பள்ளி ஆசிரியைகள் போடும் உழைப்பை நேற்று மாலை நேரிலேயே பார்த்தேன். ஆனால் வானம் இப்போதே இருட்டுகிறது. அதனால் மழைக்கு வந்துவிடுகிறேன்.

ஆண்டுப் பாடத்தை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை 2012-13 கல்வியாண்டில் வந்தது. பிள்ளைகளின் பை எடை குறைந்தது என்று நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். இரண்டாம் பருவம் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில்தான் முடிகிறது. தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில் விழுகிறது. மாநிலச் சராசரி சுமார் 44 சென்டிமீட்டர். கடலோரத்தில் இருக்கும் நமக்கு அதைவிட மிக அதிகம். சம்பா வளர்வதும் தாளடி நடுவதும் இந்த நாட்களில்தான். பிள்ளைகள் நனைந்து வருவது, சீருடை காயாதது, சளி, காய்ச்சல், வகுப்பில் ஒழுகும் மூலை, ஆசிரியை குடையோடு வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணுவது என்று பள்ளிக்கூடத்தின் பாதி வாழ்க்கை மழையோடுதான். அப்படி இருக்க, பாடத்தில் மழை எங்கே இருக்கிறது?

இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு மழையைப் பற்றித் தெரிந்த ஒரே கேள்வி, "நாளைக்கு லீவா?" என்பதுதான். ராத்திரி பத்து மணி வரை டிவி முன்னால் உட்கார்ந்து, மாவட்ட ஆட்சியர் பெயர் அடியில் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் எல்லாம் அத்துப்படி. ரெட் அலர்ட் என்றால் எவ்வளவு மழை என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளை விடுங்கள், பந்தலில் இருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மழை முகம் காணாத பயிர் என்றேன் அல்லவா? மழைக்குள்ளேயே இருந்துகொண்டு மழை முகம் காணாத பிள்ளைகளை வளர்க்கிறோம் என்பதுதான் என் கவலை.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணி ஓய்வுக்கு முன் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி, பக்கத்து ஒன்றியத்தில் ஒரு சின்னக் கிராமம். ஈராசிரியர் பள்ளி. ஓர் ஐப்பசியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து மழைமானி செய்தோம். பக்கம் நேராக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, மேல் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே வைத்தோம். பாட்டிலின் அடி குழிந்திருக்கும். அதனால் அந்தக் குழி மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தைச் சுழியம் என்று கோடு போட்டு, மேலே ஸ்கேலை ஒட்டினோம். கொடிமரத்துக்கு அப்பால், மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் செங்கல் அடுக்கி நட்டோம். அவ்வளவுதான் கருவி.

பள்ளிக்கு அடுத்த தெருவில் இருந்த ஒரு சிறுமி, தினம் எட்டரைக்கு வந்து பார்த்து, வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுவாள். "நேற்றைய மழை 12 மில்லிமீட்டர்." முதல் வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் படிக்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் பெரியவர் ஒருவர் வந்தார். மூன்று மா நிலம், சொந்த உழவு. கையில் எவர்சில்வர் குண்டான். "வாத்தியாரே, உங்க பலகை பொய் சொல்லுது. ராத்திரி வாசல்ல இந்தக் குண்டானை வச்சேன். தண்ணி ஒரு சாண் நிக்குது. நீங்க வெறும் 38ன்னு எழுதியிருக்கீங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தச் சிறுமி முன்னால் வந்துவிட்டாள். "தாத்தா, ஓட்டுத் தண்ணி விழற இடத்துல வச்சிருப்பீங்க. அதோட இது வாய் ஒரு அளவு, வயிறு ஒரு அளவு. இதுல சரியா வராது. மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கற பாத்திரம் கொண்டு வாங்க" என்றாள். பெரியவருக்குக் கோபம். விர்ரென்று போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். கையில் என்ன தெரியுமா? மரக்கால்! தலைமுறை தலைமுறையாக அவர்கள் களத்தில் நெல் அளந்த இரும்பு மரக்கால். "இது மேலயும் கீழயும் ஒண்ணுதானே பாப்பா? இது பொய் சொல்லாது. வை உன் பாட்டில் பக்கத்துல" என்றார். வைத்தோம். அன்று இரவு நல்ல மழை. மறுநாள் காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் திருவிழாக் கூட்டம். டீக்கடை பெஞ்சு காலி. அந்தச் சிறுமி பாட்டிலைப் பார்த்தாள், 43. மரக்காலுக்குள் ஸ்கேலை விட்டாள். ஸ்கேலின் நுனிக்கும் சுழியக் கோட்டுக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து 41 என்றாள். ரெண்டு குறையுதே என்று ஒருவர் கேட்டார். குனிந்து மரக்காலைப் பார்த்துவிட்டு, "தாத்தா வச்ச இடம் கொஞ்சம் சாய்வு" என்றாள். பெரியவர் மட்டப்பலகை வைத்துப் பார்ப்பவர் போல ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "ஆமா, சாய்வுதான்" என்று ஒப்புக்கொண்டார். கூட்டம் கைதட்டியது பாருங்கள்!

அதோடு விடவில்லை அவர். "என் மூணு மாவுல எவ்வளவு தண்ணி விழுந்திருக்கும், சொல்லு" என்றார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். அதை 43ஆல் பெருக்க வேண்டும். பலகையில், ஊர் பார்க்க, அந்தப் பிள்ளை பெருக்கினாள். 1,74,021 லிட்டர். பெரியவர் அந்த எண்ணை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். முந்தின நாள் 38, இன்றைக்கு 43, இரண்டு நாளில் 81 மில்லிமீட்டர் என்று அவரே வாய்விட்டுக் கூட்டினார். வடிகால் மடையைத் திறக்க மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். அந்த வருடம் முழுக்க எட்டரைக்கு அவர் வராத நாள் கிடையாது.

இதற்குத்தான் நான் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் ஒரு மழைமானி வேண்டும். அதைப் பிள்ளைகள் படிக்க வேண்டும். படித்ததை ஊருக்கு எழுதிக் காட்ட வேண்டும்.

ஏன் எட்டரை மணி? இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதும் காலை 8.30க்குத்தான் மழை அளவைப் பதிவு செய்கிறது. முந்தின நாள் எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்தது இன்றைய கணக்கு. நம் பிள்ளைகள் எழுதுகிற எண்ணும் சென்னையில் அதிகாரி எழுதுகிற எண்ணும் ஒரே முறையில் வந்தவையாக இருக்கும். காலை உணவுத் திட்டம் அந்த நேரத்துக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு வந்துவிட்டது. இப்படி ஒரு வாய்ப்பு என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6ஐத் தொட்டால் மிகக் கனமழை. 204.5ஐத் தொட்டால் அதி கனமழை. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் அளந்து சொல்ல முடியும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். 95 சென்டிமீட்டர் என்றால் முன்வரிசையில் இருக்கும் இந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சுக்கு வரும். அந்த எண்ணைச் செய்தியில் கேட்டு 'அப்படியா' என்று கடந்து போவதும், 43 மில்லிமீட்டர் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்த்த பிள்ளை அதைக் கேட்டுத் திடுக்கிடுவதும் ஒன்றா? கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலையில் கரையைக் கடந்தது இந்த மண்ணில்தான். எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த வீடு சீக்கிரம் பாதுகாப்பான இடத்துக்குப் போகும் என்பது என் நம்பிக்கை.

ஆசிரியைகள் ஒன்று கேட்கலாம். வேலைப்பளு ஏற்கெனவே அதிகம், இதுவும் சேருமா? அது நியாயமான கேள்வி. பதிவேடுகளாலும் செயலிகளாலும் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் நீட்டல் அளவை, கொள்ளளவு, பெருக்கல், தகவல் செயலாக்கம் எல்லாம் ஏற்கெனவே பாடத்தில் இருப்பவை. கற்பனை மாம்பழங்களை எண்ணிப் பட்டை வரைபடம் போடுவதற்குப் பதில், ஐப்பசி மழையைப் போடட்டும். புதிய பதிவேடு வேண்டாம், மேலே யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒரே ஒரு நோட்டு, அதுவும் பிள்ளைகள் கையில். வட்டாரக் கல்வி அலுவலர் தலையசைக்கிறார். மகிழ்ச்சி ஐயா, அந்த உறுதிமொழி எங்களுக்குப் போதும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்னா மணி என்று ஓர் அம்மையார். 1918இல், இன்றைய கேரளத்தில் இருக்கும் பீர்மேட்டில் பிறந்தார். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு தர, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று கேட்ட பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வழி வகுத்தவர். சுமார் 100 வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தியவர். நான் சொன்ன சிறுமி இப்போது கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள்.

மழை முகம் காணாத பயிரும், தாய் முகம் காணாத பிள்ளையும் என்று அம்மா சொன்னதைப் பாதியில் விடுவாரே, அந்த மிச்சத்தை இந்த ஊர் பலகையில் எழுதட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அம்மாவிடம் தீர்மானத்தின் நகலைக் கொடுத்திருக்கிறேன். அதில் நான்கு வரிதான். மழைமானி ஒன்று, வாசல் பலகை ஒன்று, ஆண்டுதோறும் அடுத்த ஐந்தாம் வகுப்புக்குக் கைமாறும் நோட்டு ஒன்று, வாரத்துக்கு இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. பலகைக்கு முன்னாள் மாணவர் சங்கத் தம்பிகள் பொறுப்பேற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். முன்னாள் தலைவர் ஐயா, நடுகிற இடத்தைப் புங்கை மரத்தின் உயரத்துக்கு இரண்டு மடங்கு தள்ளிக் காட்டுங்கள். குழு உறுப்பினர்கள் மிட்டாய் வாங்கும் வரிசையில் நிற்பதற்கு முன், இந்த மேசைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மழை வருவதற்குள் முடித்துவிடலாம். நன்றி, வணக்கம்.