காம்பிராவுக்குள் ஒரு கிளினிக்

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்து மருத்துவமாதுக்கள் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்கள் போனிலேயே டாக்டரோடு பேசி மருந்தை விடாமல் தொடர்வது பற்றித்தான் பேசப்போகிறேன்.

எச்.ஐ.வி. வந்தால் ஆள் அவ்வளவுதான் என்று நம் லயங்களில், காம்பிரா என்கிற ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும் தோட்டத்து வீடுகளில், இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2004இன் கடைசியிலிருந்து அரசாங்கம் இதற்கு இலவசமாக மருந்து கொடுத்து வருகிறது. இப்போது பெரும்பாலானோருக்கு நாளைக்கு ஒரே மாத்திரைதான், மூன்று மருந்துகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. விடாமல் குடித்து வந்தால் இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்தே இருக்கும்வரை உடலுறவால் துணைக்குத் தொற்றாது. 2019இல், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. லயம் லயமாக ஏறி இறங்கிக் கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்கு அனுப்பிய உங்கள் உழைப்பும் அதில் இருக்கிறது.

சரி, மருந்து இருக்கிறது. அதை ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போச்சு. பஸ் காசு வேறு. திரும்பி வந்தால் பக்கத்துக் காம்பிராக்காரி, “என்ன அக்கா, போன மாசமும் டவுனுக்குப் போனீங்களே?” என்று கேட்பாள். தெரிந்த முகம் எதிர்ப்பட்டுவிடும் என்று பயந்து, அருகிலுள்ள நுவரெலியாவை விட்டுவிட்டுக் கண்டிக்கோ கொழும்புக்கோ போகிறவர்களும் உண்டு. இந்தப் பயணத்தில் களைத்துத்தான் மருந்தை விடுகிறார்கள்.

கிருமி அடங்கி உடம்பு சீராக இருக்கும் ஒருவர் ஒவ்வொரு முறையும் நேரில் வரத் தேவையில்லை. டாக்டரோடு போனில் பேசலாம், சில மாதத்துக்கான மருந்தை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். இரத்தம் எடுக்க வேண்டியபோது போனால் போதும். புதிதாக மருந்து தொடங்குகிறவர், கர்ப்பிணி, இருமலும் காய்ச்சலுமாக மெலிகிறவர் ஆகியோர் நேரில்தான் போக வேண்டும். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்க வேண்டியதைப் போனில் பார்க்க முடியாது.

போனில் நன்றாகவே செய்யக்கூடிய வேலை ஒன்றைச் சொல்கிறேன். நம் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை குடிக்கிறார்கள். எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டொலுடெகிராவிர் என்ற மருந்தை வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. கல்சியம் மாத்திரையும் அப்படித்தான். எச்.ஐ.வி. மாத்திரையையும் இவற்றையும் ஒன்றாகக் குடிப்பதானால் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்.ஐ.வி. மாத்திரையை இவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முந்தியோ ஆறு மணித்தியாலம் பிந்தியோ குடிக்க வேண்டும். “வேற என்னம்மா குடிக்கிறீங்க?” என்று டாக்டர் போனில் கேட்டால் இரண்டே நிமிடத்தில் சரியாகிவிடும்.

ஆனால் அந்தப் பெண் எங்கே நின்று பதில் சொல்வாள்? இதை யோசிக்காமல் எத்தனை திட்டம் போட்டாலும் பயனில்லை. ஒரு காம்பிரா, அதில் குடும்பம் முழுக்க. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. இங்கே தும்மினால் அங்கே “நூறு” என்பார்கள். போனும் பெரும்பாலும் மகனுடையதாகவோ கணவனுடையதாகவோ இருக்கும். அதனால் கிளினிக்கிலிருந்து அழைப்பவர் முதலில், “இப்போது பேச முடியுமா?” என்றுதான் கேட்க வேண்டும். நோயாளி ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிற மாதிரி கேள்விகளை அமைக்க வேண்டும். குறுஞ்செய்தியில் நோயின் பெயரும் வரக்கூடாது, கிளினிக்கின் பெயரும் வரக்கூடாது.

மொழியையும் பாருங்கள். எதிரே இருக்கும் டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். மொழிபெயர்க்க ஒரு மூன்றாம் ஆளைக் கூப்பிட்டால் இரகசியம் போச்சு. போன் என்று வந்தபின் தூரம் ஒரு பொருட்டா? யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் தமிழ் டாக்டர் பதுளைத் தோட்டத்துப் பெண்ணோடு பேசலாமே! இதைச் சுகாதாரத் துறையிடம் நாம் உரிமையோடு கேட்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தோட்ட மருந்தகத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், சிக்னல் கிடைக்கும் ஒரு போனும் கொடுங்கள். அதை எச்.ஐ.வி.க்கு என்று ஒதுக்காதீர்கள், ஒதுக்கினால் ஒருவரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். சீனி வியாதிக்காரர், பிரஷர்காரர், மனம் சோர்ந்தவர் என்று எல்லாரும் அங்கேயே டாக்டரோடு பேசட்டும். கதவில் “டாக்டருடன் பேசும் அறை” என்று மட்டும் எழுதுங்கள்.