சிண்ட்ரெல்லா ஏன் மறுத்துப் பேசவில்லை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பழைய தேவதைக் கதைகளை உள்ளபடியே சொல்வதா, மாற்றி எழுதுவதா என்பது இன்றைய வழக்கு. மாற்றி எழுதத்தான் வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

"மூலத்தில் கை வைக்காதீர்கள், பழைய கதை அழிந்துபோகும்" என்று எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசி அமர்ந்தார். எது மூலம், ஐயா? ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பின் முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாய். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். மாற்றியவர்கள் வேறு யாருமில்லை, அதே கிரிம் சகோதரர்கள்! 1857 வரை ஏழு பதிப்புகள் வந்தன, திருத்தங்களும் தொடர்ந்தன. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதைக்கு வாருங்கள். 1697-இல் பிரான்ஸில் பெரோ என்ற எழுத்தாளர் எழுதியபோது ஓநாய் அவளை விழுங்கியதோடு கதை முடிந்தது. வேட்டைக்காரர் வந்து, கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றை வெட்டி, பேத்தியையும் பாட்டியையும் உயிரோடு வெளியே எடுத்தது கிரிம் புத்தகத்தில்தான். எதிரணியினர் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த முடிவைச் சொல்வார்கள்?

சனிக்கிழமைகளில் ஒரு பள்ளி நூலகத்தில் நான் கதை சொல்கிறேன். ஒருநாள் சிண்ட்ரெல்லா. மாற்றாந்தாய் பருப்பைச் சாம்பலில் கொட்டிப் பொறுக்கச் சொல்லும் இடம் வந்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"அவள் ஏன் முடியாது என்று சொல்லவில்லை, டீச்சர்?"

"அவள் நல்ல பெண், அம்மா."

"நல்ல பெண் முடியாது என்று சொல்லக் கூடாதா?"

என்னிடம் பதில் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை 'அப்புறம்?' என்று கேட்கும். பத்து வயதில் அது 'ஏன்?' என்று மாறிவிடுகிறது. அந்த வயதுக்கு உரிய கதையை யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்?

அமெரிக்க எழுத்தாளர் கெயில் கார்சன் லெவின் எழுதினார். சிண்ட்ரெல்லா கதையை மாற்றி எழுதி, 1997-இல் வந்த அவருடைய 'எலா என்சான்டட்' நாவலில், எலா பணிந்துபோவது நல்ல குணத்தால் அன்று. குழந்தையாக இருந்தபோது ஒரு தேவதை, வரம் என்று நினைத்துக் கொடுத்த சாபம் அது. யார் எதை ஏவினாலும் அவள் செய்தாக வேண்டும். கடைசியில் இளவரசன் தன்னை மணந்துகொள்ளச் சொல்கிறான். மணந்தால், அவனையே கொல்லச் சொல்லி யாரும் அவளை ஏவிவிடலாம். உடம்பெல்லாம் பணியத் துடிக்கிறது. மாட்டேன் என்கிறாள். சாபம் உடைகிறது. அவளை மீட்டது மந்திரக்கோலும் அன்று, காலணியும் அன்று.

ஓநாயின் பல்லைப் பிடுங்கிவிட்டு, சூனியக்காரியை மன்னிப்புக் கேட்க வைத்து எழுதும் புத்தகங்களும் உண்டு. அவற்றுக்காக நான் வாதாடவில்லை. பயமில்லாத காட்டில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? எலாவின் கதையில் பயம் அப்படியே இருக்கிறது; அந்தப் பெண்ணுக்கு வாய் மட்டும் கிடைத்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கதையைச் சொன்னேன். 'மாட்டேன்' என்ற சொல் வந்ததும், கேள்வி கேட்ட பிள்ளை இருக்கையை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். பழைய கதை அழிந்துபோகும் என்றார்களே, நடுவர் அவர்களே, மற்றவர்கள் கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்து, "பருப்புப் பொறுக்கும் கதையை இன்னொரு முறை சொல்லுங்கள், டீச்சர்" என்றாள்.

நன்றி, வணக்கம்.