ரைடு சுரங்கமும் லண்டன் பெட்டியும்: இது கழிச்சுக் கட்டின ரயில் இல்லீங்க

வணக்கம் மக்களே. இன்னிக்கு வரவேண்டிய சிக்னல் வீடியோவைத் தள்ளி வச்சாச்சு. காரணம் ஒரு ரீல். "லண்டன்ல கழிச்சுக் கட்டின மெட்ரோவை ஐல் ஆஃப் வைட் தலையில கட்டிட்டாங்க"ன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல். ஐல் ஆஃப் வைட்னா இங்கிலாந்துக்குத் தெற்கே இருக்கற ஒரு தீவு. அங்க ரைடு ஊர்லருந்து ஷாங்க்ளின் ஊர் வரைக்கும் போற ரயில் பாதையைத்தான் சொல்றாரு.

விஷயம் காசு மட்டும் இல்லீங்க, உயரம். ரைடு எஸ்பிளனேடு ஸ்டேஷனுக்கும் செயின்ட் ஜான்ஸ் ரோடு ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒரு சுரங்கம் இருக்கு. ஏற்கனவே தாழ்வு, போதாததுக்குத் தண்ணி வேற புகுந்துடும். 1966 கடைசியில நீராவி இன்ஜினை நிறுத்திட்டு லைனை மின்மயமாக்கினப்போ, வெள்ளத்துக்குப் பயந்து தண்டவாளத்தை சுமார் 25 செ.மீ. தூக்கிப் போட்டாங்க. தரை ஏறிடுச்சு, கூரை அங்கேயேதான். சாதாரண பிரிட்டிஷ் பெட்டி உள்ள போனா இடிக்கும். அப்போ குள்ளமான பெட்டி எங்க கிடைக்கும்? லண்டன் டியூப்லதான், அதாவது குறுகலான குழாய்ச் சுரங்கத்துல ஓடுற மெட்ரோ.

1967 மார்ச்ல வந்ததே 1923-லிருந்து 1934 வரைக்கும் கட்டின பெட்டிங்க. அதுக்கப்புறம் 1989-ல 1938 மாடல் வந்துச்சு. சிவப்புச் சுந்தரி, என் ஃபேவரைட், உங்களுக்குத் தெரியும். 2021 ஜனவரி 3 வரைக்கும் தினசரி சர்வீஸ். எண்பது வயசைத் தாண்டியும் ஓடுச்சு. ஆனா இரும்பு உடம்பு, கடல் காத்து. கடைசி வருஷங்கள்ல அட்டவணைக்கு ரெண்டு ரயிலைத் தேத்துறதே பெரும்பாடு.

ஒரு நிமிஷம், கரண்ட் விஷயத்தை விட்டுட்டேன். லண்டன்ல மொத்தம் நாலு ரயில் கம்பி: சக்கரம் ஓட ரெண்டு, கரண்டுக்கு ரெண்டு. கரண்ட் கம்பியில ஓரத்துல இருக்கறது பாசிட்டிவ், நடுவுல இருக்கறது நெகட்டிவ். சக்கரம் ஓடுற தண்டவாளம் வழியா கரண்ட் திரும்பினா, கசிஞ்சு போய் சுரங்கத்தோட இரும்பு வளையங்களையும் குழாய்களையும் அரிச்சிடும். அதனால திரும்புறதுக்குன்னே தனிக் கம்பி. தீவுல மூணே கம்பிதான். ஆக அங்க வர்ற ஒவ்வொரு லண்டன் ரயிலுக்கும் நடு ஷூவை (நடுக் கம்பியில உரசுற கரண்ட் முனை) கழட்டிட்டு, சக்கரம் வழியா கரண்ட் தண்டவாளத்துக்கு இறங்குற மாதிரி வயரிங்கை மாத்தணும். அப்படியே தூக்கிட்டு வந்து ஓட்ட முடியாது.

இப்போ ஓடுறது கிளாஸ் 484. லண்டன் மெட்ரோவோட டிஸ்ட்ரிக்ட் லைன்ல 1980 முதல் 2017 வரைக்கும் ஓடின டி78 பெட்டியை விவாரெயில் கம்பெனி புதுசாக்கினது. ரெண்டு பெட்டி வீதம் அஞ்சு ரயில். அலுமினியம் உடம்பு, துருப்பிடிக்காது. பழைய டிசி மோட்டாரைத் தூக்கிட்டு ஏசி மோட்டாரும், டிசி-யை ஏசி-யா மாத்தற இன்வெர்ட்டரும் வச்சிருக்காங்க. டி78 டியூப் பெட்டியை விட உயரம்தான், ஆனாலும் அந்தச் சுரங்கத்துல நுழையும். மொத்தச் செலவு 2.6 கோடி பவுண்டு, ரயில், தண்டவாளம், பிளாட்பாரம் எல்லாம் சேர்த்து. 2021 மார்ச் கடைசியில திறக்கறோம்னாங்க. சாஃப்ட்வேர் தகராறுல இழுத்து இழுத்து நவம்பர் 1 ஆயிடுச்சு.

எல்லாரும் ரயிலைப் பத்தியே பேசுறாங்க. எனக்கு அந்தச் செலவுல பிடிச்சது பிரேடிங் லூப், அதாவது பிரேடிங் ஸ்டேஷன்ல ரெண்டு ரயில் ஒண்ணையொண்ணு தாண்டிப் போறதுக்கான பக்கத்துப் பாதை. ஆமா, திரும்பவும் லூப்தான், பொறுத்துக்கோங்க. ஒத்தை வழிப் பாதையில ரயில்கள் ஒண்ணையொண்ணு தாண்டுற இடங்களுக்கு நடுவுல எவ்வளவு நேரமோ, அதைப்போல ரெண்டு மடங்குதான் சீரா ஓட்டக்கூடிய இடைவெளி. பிரேடிங் லூப்பை 1988-ல எடுத்துட்டாங்க. தாண்டுறதுக்கு மிச்சம் இருந்தது செயின்ட் ஜான்ஸ் ரோடும் சாண்டவுன் ஸ்டேஷனும். நடுவுல பத்து நிமிஷம் போல. அப்போ 20 நிமிஷத்துக்கு ஒண்ணு ஓட்டலாம், ஆனா அதுக்கு மூணு ரயில் வேணும். கையில ரெண்டுதான்னா மூணாவது ரயிலோட முறை காலியாகி, 20 நிமிஷம், 40 நிமிஷம், திரும்ப 20ன்னு நொண்டும். போர்ட்ஸ்மத்லருந்து கப்பல்ல வந்து ரைடு பியர் ஹெட் ஸ்டேஷன்ல இறங்கறவனுக்கு இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? ரொம்ப வருஷம் இதே கூத்து. லூப்பை 2021-ல திரும்பப் போட்டதும், ரெண்டே ரயில்ல அரை மணிக்கு ஒண்ணு. என்னைக் கேட்டா புது ரயிலை விட இதுதான் பெரிய சமாச்சாரம்.

பிடிக்காததையும் சொல்லிடறேன். விவாரெயில் 2022 கடைசியில திவாலாயிடுச்சு. அஞ்சே ரயில், செஞ்ச கம்பெனி இல்ல. நாளைக்கு ஒரு எலக்ட்ரானிக் போர்டு போச்சுன்னா உதிரிபாகம் தேடறது சுலபமா இருக்காது. 1938 மாடல்ல பாதி கோளாறை ஸ்பேனரை வச்சே சரி பண்ணிடலாம், இதுல லேப்டாப் இல்லாம கை வைக்க முடியாது.

போறவங்களுக்கு ஒண்ணு. ஷாங்க்ளின் வரைக்கும் 13.7 கிலோமீட்டர், அரை மணிக்குள்ள போயிடலாம். நடுவுல ஸ்மால்புரூக் ஜங்ஷன்ல இறங்கினா, தீவுல சுற்றுலாவுக்குன்னு தனியா ஓட்டுற நீராவி ரயிலுக்கு மாறலாம். அந்த ஸ்டேஷனுக்கு ரோடே கிடையாது. நீராவி ரயில் ஓடாத நாள்ல நம்ம ரயில் அங்க நிக்கவும் நிக்காது. அதனால முதல்ல நீராவிக்காரங்க அட்டவணையைப் பார்த்துட்டு அப்புறம் டிக்கெட் எடுங்க.