கோப்பைக்கு முன்னால் கிளப்: இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள் எதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்?

(காட்சி: தென்மேற்கு லண்டன். நீலமும் மஞ்சளுமாக ஸ்கார்ஃப் அணிந்த கூட்டம் மைதானத்துக்கு நடக்கிறது.)

இங்கிலாந்தின் மேல்மட்ட நான்கு பிரிவுகளில் மட்டும் 92 கிளப்புகள் இருக்கின்றன. பெரிய கோப்பைகளை வெல்வது அவற்றில் சிலதான். மற்ற கிளப்புகளின் ரசிகர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாராவாரம் போகிறார்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போகிறார்கள். அப்படியென்றால் அவர்களுக்கு எது பெரிது? தங்கள் ஊர், தங்கள் நிறம், தங்கள் மைதானம். அதைப் பறித்தால் என்ன நடக்கும் என்பதற்கு விம்பிள்டன் கதையைவிடத் தெளிவான சான்று வேறு இல்லை. டென்னிஸ் அல்ல, அதே ஊரின் கால்பந்து கிளப்.

(காட்சி: 1988, வெம்ப்ளி மைதானத்தின் பழைய படங்கள்.)

1977-ல்தான் அந்த நான்கு பிரிவு லீகுக்குள் வந்த சின்ன கிளப் அது. பதினொரு வருடத்தில், இங்கிலாந்தின் பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தியது. லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோல். லிவர்பூலின் ஜான் ஆல்ட்ரிஜ் அடித்த பெனால்டியை விம்பிள்டன் கோல்கீப்பர் டேவ் பீசன்ட் பாய்ந்து தட்டிவிட்டார்.

ஆனால் 1991-ல் கிளப் தன் மைதானமான ப்ளவ் லேனை விட்டு வெளியேறி, கிரிஸ்டல் பேலஸ் அணியின் மைதானத்தில் குடியிருந்தது. அப்புறம் உரிமையாளர்கள் கிளப்பையே மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற முடிவு செய்தார்கள். அது ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2002 மே 28 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) அமைத்த மூன்று பேர் கொண்ட ஆணையம் அதற்கு அனுமதி தந்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பொதுநலனுக்கு உகந்ததல்ல என்றும் எழுதிவைத்தது.

ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். சில வாரங்களிலேயே விம்பிள்டன் பொதுத்திடலில் ஆட்டக்காரர் தேர்வு நடத்தினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்தது. ஜூலையில் முதல் நட்பு ஆட்டம், சட்டன் யுனைடெட்டுக்கு எதிராக. 4-0 தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்!

லீக் ஏணியின் ஒன்பதாம் மட்டத்திலிருந்து தொடங்கி, 2011-ல் லூட்டன் டவுனை பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று தொழில்முறை லீகுக்குள் நுழைந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய விஷயம் அடுத்து வந்தது. ப்ளவ் லேனில் புது மைதானம் கட்டப் பணம் போதவில்லை. வெளி முதலீட்டாளரிடம் போனால் கிளப்பின் பிடி கைவிட்டுப் போகும் என்ற கவலை. ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2020 நவம்பரில் முதல் ஆட்டம். கொரோனாக் கட்டுப்பாட்டால் பணம் போட்டவர்களில் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை, டிவியில்தான் பார்த்தார்கள்.

(காட்சி: ஏப்ரல் 2021, செல்சீ மைதானத்தின் வாசலில் போராட்டம்.)

பெரிய கிளப்புகளின் ரசிகர்களும் இதில் வேறுபட்டவர்கள் அல்ல. 2021-ல் ஆறு ஆங்கிலக் கிளப்புகள், ஐரோப்பாவின் பெரும் பணக்கார கிளப்புகள் தங்களுக்கென்று தொடங்கப் பார்த்த தனிப் போட்டியான ஐரோப்பிய சூப்பர் லீகில் சேர்வதாக அறிவித்தன. இரண்டே நாளில் ஆறும் பின்வாங்கின. தங்கள் அணிக்கு நிரந்தர இடம், கொட்டும் பணம் எல்லாம் கிடைத்திருக்கும். அந்த அணிகளின் ரசிகர்களே தெருவில் இறங்கி வேண்டாம் என்றார்கள்.

இதன் தொடர்ச்சியாக 2025-ல் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. கிளப்பின் சின்னத்தையும் ஜெர்சியின் நிறத்தையும் மாற்ற இனி ரசிகர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு வேண்டும். மைதானத்தை விற்கவோ ஊர் மாறவோ அந்தச் சட்டம் உருவாக்கிய ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

டிக்கெட் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு இல்லை. அதற்கு ரசிகர்கள் தங்கள் வழியில்தான் போராட வேண்டும். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண்டு டிக்கெட் கொண்டுவரப் பார்த்தபோது, சரியாக 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது அவர்கள் அணி சண்டர்லேண்டுக்கு எதிராக முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள்.